வூல்ஃப் துரையும் ஒரு முறைப்பாட்டுக் கடிதமும்

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கும் இறுதியாண்டு மாணவி. என் ஆய்வுக்கு லெனார்ட் வூல்ஃபை எடுத்திருக்கிறேன். 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு (அரசாங்கச் செயலகத்துக்கு) வேலைக்கு வந்து, பிற்காலத்தில் ஏகாதிபத்தியத்தை எதிர்த்துப் புத்தகங்கள் எழுதியவர் என்பதால் அவரைத் தெரிவு செய்தேன். சுயசரிதையைப் படித்தபோது மதிப்புக் கூடியது. இப்போது அவர் இங்கிருந்து நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களைப் படிக்கிறேன். எங்கள் சனங்களைப் பற்றி அவர் எழுதியிருப்பது வயிற்றைக் கலக்குகிறது. மேற்பார்வையாளர் அவரை முற்போக்காளர் என்று எழுதச் சொல்கிறார். எங்கள் அப்பப்பாவோ, “ஆள வந்தவனுக்கு நீ ஏன் பிள்ளை மாலை போடுகிறாய்?” என்று கேட்கிறார். எந்த வூல்ஃப் உண்மையானவர்? தலைப்பையே மாற்றிவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள பிள்ளைக்கு,

தலைப்பை மாற்ற வேண்டாம். உங்கள் வயிற்றைக் கலக்கிய அந்த இடத்தில்தான் உங்கள் ஆய்வு தொடங்குகிறது. இருபத்தெட்டு ஆண்டுகள் பழைய ஆவணக் கட்டுகளோடு வாழ்ந்தவன் நான். ஒரு மனிதரைத் தேடி வந்து, அவருடைய ஒரு முகத்தை மட்டும் பிரதியெடுத்துக்கொண்டு, மற்ற முகத்தைக் கட்டுக்குள்ளேயே மூடிவைத்துவிட்டுப் போன ஆய்வாளர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் இரண்டையும் பார்த்துவிட்டீர்கள். பார்த்ததை எழுதத் துணிவு வேண்டும், அவ்வளவுதான்.

“எந்த வூல்ஃப் உண்மையானவர்?” என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு தாளையும் கையில் எடுக்கும்போது மூன்றைக் கேளுங்கள்: எந்த ஆண்டு எழுதியது, யாருக்கு எழுதியது, எழுதும்போது அவர் என்ன வேலையில் இருந்தார்? வூல்ஃப் விடயத்தில் இது மிகவும் முக்கியம். ஒரே அனுபவத்தை அவர் இருபத்தைந்து வயதில் ஒருமுறையும் எண்பது வயதில் இன்னொருமுறையும் எழுதியிருக்கிறார். எண்பது வயதுக்காரரின் கனிந்த குரல் இனிமையாக இருக்கும். ஆனால் 1906இல் நடந்ததற்கு அவர் சாட்சி சொல்லும்போது, 1906ஆம் ஆண்டுத் தாள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

முதலில், வந்தவர் யார் என்பதை மனதில் இருத்துங்கள். 1880 நவம்பரில் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை பேர்பெற்ற வழக்கறிஞர்; 1892இல் அவர் இறந்தபோது பையனுக்குப் பதினொரு வயது, வீட்டில் ஒன்பது பிள்ளைகள். வசதி ஒரே நாளில் சுருங்கியது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பிற்காலத்தில் எழுத்தாளராகப் பேர்பெற்ற லிட்டன் ஸ்ட்ரேச்சி போன்ற நண்பர்களோடு சேர்ந்து உண்மை, அழகு, நட்பு என்று இரவு முழுவதும் பேசிக்கொண்டிருந்தவர், 1904இல் சிவில் சேவைப் பரீட்சையில் எதிர்பார்த்த இடத்தைப் பெறவில்லை. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் கிடைக்கக்கூடிய பெரிய பதவிகள் கைநழுவின. கிடைத்தது இலங்கை. பேரரசை ஆளவேண்டும் என்ற கனவோடு அவர் கப்பல் ஏறவில்லை, சம்பளம் வேண்டியிருந்தது. பெட்டி பெட்டியாக வால்டேரின் நூல்களும் சார்லஸ் என்ற நாயும் அவரோடு வந்தன.

1905 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டபோது வடக்கு ரயில் பாதை முழுவதும் இணைந்திருக்கவில்லை. அனுராதபுரம் வரை ரயில், அங்கிருந்து ஆனையிறவு வரை காட்டு வழியே தபால் மாட்டுவண்டி, பிறகு மறுபடி ரயில். இறங்கியதும் கோட்டைக்குள் ஒரு பங்களாவில் குடியிருப்பு. பகலில் கச்சேரி, மாலையில் டென்னிஸ், இரவில் வெள்ளைக்காரக் குடும்பங்களின் ஓயாத வம்பு. வெளியே துரை, உள்ளே தன்னை யாரும் அறியாதபடி முகமூடி போட்டுக்கொண்ட, தன்னுடைய யூத அடையாளத்தை எப்போதும் உணர்ந்துகொண்டிருந்த இளைஞன்.

இப்போது கடிதங்களுக்கு வருவோம். அவை பெரும்பாலும் ஸ்ட்ரேச்சிக்கு எழுதியவை. தனிமை, சலிப்பு, டைஃபாய்டு, உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம், அதோடு சுற்றியிருந்த எல்லோர் மீதும் எரிச்சல். சக வெள்ளையர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆனால் பிள்ளை, ‘எல்லோரையும்தான் திட்டினார்’ என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள். வெள்ளையனைத் திட்டியது வெறும் பேச்சு. தமிழனைத் திட்டிய மனிதன் அடுத்த நாள் காலை அதே தமிழனின் மனுவில் முடிவெழுதும் நாற்காலியில் அமர்ந்தவன். அந்த வேறுபாட்டை நீங்கள் எழுதியே ஆகவேண்டும்.

இதற்கு ஒரு நல்ல இடம் காட்டுகிறேன். 1906இல் மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் முத்துச் சலாபம், அதாவது கடலில் மூழ்கி முத்துச் சிப்பி எடுக்கும் தொழில், நடந்தது. ஆளில்லாத மணல் கரையில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே முளைக்கும். பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியக் குளியாளர்கள், நம் கரையின் தமிழரும் முஸ்லிம்களும், இந்தியாவிலிருந்து வியாபாரிகள். படகுகள் கரை சேர்ந்ததும் சிப்பிகள் ‘கொட்டு’ என்று அழைக்கப்படும் வேலியடைப்புக்குள் கொண்டுவரப்பட்டுக் கூறு போடப்படும். மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. ஒரு பங்குதான் உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவனுக்கு. அரசாங்கத்தின் பங்கு அன்றிரவே ஏலத்துக்குப் போகும். சிப்பிகளை வெயிலில் அழுகவிட்டு, புழு தின்றபின் முத்தைத் தேடுவார்கள். அந்த நாற்றம் அவர் எழுதியதிலெல்லாம் வீசுகிறது. இரவு பகலாக அந்தக் ‘கொட்டு’ அடைப்பைக் காவல் காத்த அதிகாரிகளில் ஒருவர் வூல்ஃப்.

அந்த மார்ச்சில் ஸ்ட்ரேச்சிக்கு எழுதிய கடிதத்தில், கைத்தடியால் பலமாக அடித்தால் அராபியர்கள் எதையும் செய்வார்கள் என்றும், மூன்று நாள் இரவு பகலாகத் தனக்கு அதுவே வேலை என்றும் எழுதுகிறார். வருத்தத்தோடு எழுதவில்லை, நண்பனைச் சிரிக்கவைக்க எழுதுகிறார். 1921இல் ‘பேர்ல்ஸ் அண்ட் ஸ்வைன்’ என்ற சிறுகதையில் அதே சலாபம் மறுபடி வருகிறது. இங்கிலாந்தில் ஒரு ஹோட்டலில் புகைபிடித்துக்கொண்டு, கறுப்பர்களை எப்படி ஆளவேண்டும் என்று அளக்கும் கனவான்களுக்கு, அங்கே வேலை பார்த்த ஒருவர் கதை சொல்கிறார். குடிவெறியில் பிதற்றிக்கொண்டே சாகும் ஒரு வெள்ளைக்காரனும், கடலில் இறந்த ஓர் அராபியனைச் சுற்றி அவன் கூட்டத்தார் காட்டும் அடக்கமும் அந்தக் கதையில் அருகருகே வைக்கப்பட்டிருக்கின்றன. பிறகு 1961இல் ‘குரோயிங்’ என்ற சுயசரிதைப் பாகத்தில் அந்த அராபியர்கள் மீது மதிப்பும் பாசமும் நிறைந்த பக்கங்கள்.

ஒரு கடற்கரை, மூன்று எழுத்து, ஐம்பத்தைந்து ஆண்டுகள். ஒரு பெரிய தாளை மூன்று நெடுங்கோட்டில் பிரித்து இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எங்கே தடி மறைகிறது, எங்கே குளியாளனுக்கு முகம் கிடைக்கிறது என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும். எந்த ஆய்வுக்கோட்பாட்டுப் புத்தகமும் இதைவிடத் தெளிவாக உங்களுக்குக் காட்டாது என்றே நினைக்கிறேன்.

அடுத்ததாக, யாழ்ப்பாணத்துப் பிள்ளையான நீங்கள் தவறவே விடக்கூடாத ஒரு சம்பவம். இதற்காகத்தான் இத்தனை நீளமாக எழுதத் தொடங்கினேன்.

ஒரு மாலை வடமாகாண நிர்வாகத்தின் தலைவரான அரசாங்க அதிபர் பிரைசும் வூல்ஃபும் யாழ்ப்பாணத்துப் பெரிய தெருவில் குதிரைமேல் போகிறார்கள். தெருவுக்குள் நீட்டிக் கட்டியிருந்த ஒரு திண்ணையைக் காட்டுவதற்காக வூல்ஃப் சவுக்கை நீட்டுகிறார். அதே நேரத்தில் ஒரு தமிழ் வழக்கறிஞர் தம் குதிரைவண்டியில் அந்த வழியே வருகிறார். வூல்ஃப் துரை தன் முகத்தில் வேண்டுமென்றே சவுக்கால் அடித்தார் என்று அவர் முறைப்பாடு செய்கிறார். அது ஒரு தனிமனிதரின் புலம்பலாக அடங்கிவிடவில்லை. ஊர்ப் பிரமுகர்களின் சங்கம் வழியாக ஆளுநர் வரைக்கும் போகிறது. வூல்ஃபிடம் விளக்கம் கேட்கப்படுகிறது. நான் அடிக்கவே இல்லை, அவர் அங்கே இருந்ததையும் கவனிக்கவில்லை என்று மறுக்கிறார். கடைசிவரை அந்த மறுப்பை அவர் மாற்றவில்லை. நானும் அதை நம்புகிறேன்.

ஆனால் ‘குரோயிங்’கில் இந்தச் சம்பவத்தை அவர் எந்த இடத்தில் வைக்கிறார் என்று பாருங்கள். தன்மேல் பொய்ப்பழி விழுந்தது என்று அன்று கொதித்தவர், அந்தக் கொதிப்பு அடங்கியபோது தனக்குள் ஏதோ இடறியதாகச் சொல்கிறார். சவுக்கு அந்த மனிதரின் முகத்தில் படவில்லை. ஆனாலும் அவருடைய ஊரின் பெரிய தெருவில் தான் குதிரைமேல் இறுமாந்து உட்கார்ந்திருந்ததே முகத்தில் அறைந்ததற்குச் சமம் என்று அந்த வழக்கறிஞர் உணர்ந்ததில் நியாயம் இருக்கிறது என்கிறார். ஆள்வது தனக்குச் சரிப்படுமா என்ற கேள்வி அங்கே முளைவிட்டது என்பது அவருடைய வாக்குமூலம்.

சவுக்கு நுனியும் திண்ணை விளிம்பும் அந்த முகமும் எத்தனை அங்குல இடைவெளியில் இருந்தன என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். திண்ணையைக் கவனியுங்கள்: அது அந்தத் தெருவாசியின் திண்ணை. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க யாரோ கட்டியது. அதை இடிக்கலாமா என்று குதிரைமேல் இருந்தபடி இரண்டு வெளிநாட்டவர் பேசுகிறார்கள். வழக்கறிஞருக்கு அந்தப் பேச்சு கேட்டிருக்காது. சவுக்கு நீண்டது மட்டும்தான் தெரிந்திருக்கும். அவர் புரிந்துகொண்டது பிழையென்று என்னால் சொல்ல முடியவில்லை.

இங்கே உங்கள் ஆய்வுக்கு ஒரு வாசல் திறக்கிறது. வூல்ஃபின் ஏகாதிபத்திய எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வழக்கமாகச் சொல்லும் பதில் கேம்பிரிட்ஜ், புளூம்ஸ்பரி என்ற லண்டன் எழுத்தாளர், கலைஞர் வட்டத்து நண்பர்கள், ஃபேபியன் சங்கம் என்ற சோசலிச அமைப்பு, தொழிற்கட்சி. எல்லாம் சரிதான். ஆனால் பேரரசைப் பற்றி அவருக்கு முதல் பாடம் எழுதித் தந்தது ஒரு யாழ்ப்பாணத் தமிழரின் முறைப்பாட்டுக் கடிதம். அதை அவர் முதலில் ஒரு தொந்தரவாகப் படித்தார்; புரிந்து படிக்க அவருக்கு நெடுங்காலம் ஆயிற்று. உங்கள் மேற்பார்வையாளரிடம் இந்த வரியைச் சொல்லிப் பாருங்கள். ‘முற்போக்காளர் வூல்ஃப்’ என்ற தலைப்பைவிட இதில் உங்களுக்குச் செய்ய வேலை இருக்கிறது.

கச்சேரிக்குள்ளும் அவர் சும்மா இருக்கவில்லை. வந்த கடிதத்துக்கு வந்த அன்றே பதில் போயாக வேண்டும் என்று விதி போட்டார். கச்சேரிக் கிளாக்கர்களுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும் என்பதை ஆவணக் கட்டுகளைக் கையாண்டவன் என்ற முறையில் என்னால் ஊகிக்க முடிகிறது. ஒரு மனு வந்தால் அதைப் பதிவேட்டில் ஏற்றி, பழைய கோப்பைத் தேடி, ஊர் அதிகாரிகளான உடையாரிடமோ விதானையாரிடமோ அறிக்கை கேட்டு, மொழிபெயர்த்து, நாடா கட்டி மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் கண்டிப்பானவர், சளைக்காமல் உழைப்பவர், ஊழலுக்கு இடம் கொடுக்காதவர். தமிழும் சிங்களமும் கற்றுக்கொண்டார். நல்ல அதிகாரி என்று சொல்லத் தடையில்லை. அந்த நல்ல அதிகாரத்தனமே அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் எனக்கு இன்றுவரை பெரிய விடயமாகப் படுகிறது.

1907 ஆகஸ்டில் கண்டிக்கு மாற்றம். அங்கே போகம்பறைச் சிறையில் தூக்குத் தண்டனை நிறைவேறும்போது நிற்க வேண்டியது அவருடைய கடமைகளில் ஒன்று. நான்கு பேரை இரண்டிரண்டு பேராகத் தூக்கிலிட்ட காலையைப் பற்றி ஸ்ட்ரேச்சிக்கு எழுதிய கடிதத்தைத் தேடிப் படியுங்கள். சிறையறைக்குப் போய்த் தண்டனைக் கட்டளையை வாசித்து, ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்கிறார். பெரும்பாலும் இல்லை என்பார்கள். வெள்ளை உடை, தலையில் வெள்ளைத் தொப்பி, கடைசி நேரத்தில் அதை முகத்துக்கு இழுத்துவிடுவார்கள். விறாந்தைபோன்ற ஓர் இடத்தில் நின்று சைகை கொடுக்க வேண்டியவர் வூல்ஃப். மரிச்சுக்கட்டிக் கடிதத்தில் இருந்த துள்ளல் இங்கே இல்லை. எழுதும் கை ஒன்றுதான், ஒன்றரை ஆண்டு இடைவெளிதான். வாழ்நாள் முழுவதும் அவர் மரண தண்டனையை எதிர்த்ததற்கு வேர் இங்கே இருக்கிறது.

1908 ஆகஸ்டில் உதவி அரசாங்க அதிபராக அம்பாந்தோட்டைக்குப் போகிறார். இருபத்தேழு வயதில் ஒரு மாவட்டம் முழுவதும் அவர் கையில். நீதிபதியும் அவரே, வரி வாங்குபவரும் அவரே, உப்புக்கும் காட்டுக்கும் பொறுப்பாளரும் அவரே. கதிர்காமத் திருவிழாவுக்குப் போகும் அடியார்களை, அவர்களில் எத்தனையோ தமிழர்களை, நோய் பரவாமல் காக்கும் பொறுப்பும் அவரிடமே. இந்தக் காலத்துக்கு நம்மிடம் அருமையான ஒரு சாட்சி இருக்கிறது: அவர் மேலதிகாரிகளுக்கு அனுப்பிய உத்தியோக நாட்குறிப்பு. 1960களின் தொடக்கத்தில் அது புத்தகமாகவே வந்துவிட்டது. உங்கள் வாசிப்பை இந்த நாட்குறிப்பிலிருந்து தொடங்கச் சொல்வேன். நண்பனைச் சிரிக்கவைக்கும் நோக்கமும் அதில் இல்லை, பிற்கால ஞானமும் இல்லை. எந்தக் கிராமத்துக் குளம் உடைந்தது, எத்தனை மாடு செத்தது, எந்த விதானை பொய் சொன்னான் என்று அன்றன்று எழுதியது.

1909இல் அந்த மாவட்டத்தில் மாடுகளுக்குக் கொள்ளைநோய் வந்தது. எருமைதான் வயலை மிதித்து உழும்; எருமை போனால் நெல் போகும், நெல் போனால் குடும்பம் போகும். மாடுகளைக் கட்டிவைக்க வேண்டும், அவிழ்ந்து திரிவதைச் சுட வேண்டும் என்பது உத்தரவு. வூல்ஃப் ஊர் ஊராகப் போய் அதை நிறைவேற்றினார். விஞ்ஞானப்படி அது சரியான நடவடிக்கை. காட்டில் மேய்ந்து வளரும் எருமையை எதில் கட்டுவது, கட்டினால் எதைத் தீனியாகப் போடுவது என்று கேட்ட விவசாயிக்கு அந்த விஞ்ஞானத்தில் விடை இல்லை. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதப் பழகுங்கள்.

இந்தக் கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. 1960இல், ஏறத்தாழ எண்பது வயதில், வூல்ஃப் இலங்கைக்கு மறுபடி வந்தார். எங்கும் மரியாதை, வரவேற்பு. அந்தப் பழைய நாளில் கூடவே இருந்த ஒரு முதியவர் அவரைத் தேடி வந்து, கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு கிராமத் தலைமைக்காரருக்கு அவர் கொடுத்த தண்டனையை நினைவூட்டி, அது நியாயமா என்று கேட்டார். ஐம்பது ஆண்டுகளாக மனதில் வைத்திருந்த கேள்வி. வழக்குத் தொடுத்தவரும் தீர்ப்புச் சொன்னவரும் ஒரே ஆள் என்ற அந்த அமைப்பின் கோணல் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. வூல்ஃப் இதை மறைக்கவில்லை. 1969இல் வந்த தம் கடைசிச் சுயசரிதைப் பாகத்தில் தாமே எழுதிவைத்தார். இந்த ஒன்றுக்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. தன்னைக் குற்றம் சாட்டியவர்களின் குரலைத் தன் புத்தகத்துக்குள் விட்டுவைத்த அதிகாரிகள் அதிகம் பேர் இல்லை.

1911 மேயில் விடுமுறையில் இங்கிலாந்து போனார். பின்னாளில் நாவலாசிரியர் வேர்ஜீனியா வூல்ஃபாக அறியப்பட்ட வேர்ஜீனியா ஸ்டீபனைக் காதலித்தார். விடுமுறையை நீட்டித் தரக் கேட்டு, கிடைக்காமல், 1912இல் பதவியைத் துறந்தார். அந்த ஆகஸ்டில் திருமணம். ‘ஏகாதிபத்தியத்தை வெறுத்துப் பதவியை உதறினார்’ என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். வேர்ஜீனியா மறுத்திருந்தால் இலங்கைக்கே திரும்பி, பதவி உயர்வு எதுவும் வேண்டாமென்று அம்பாந்தோட்டை போன்ற ஓரிடத்தில் வேலைக்குள் மூழ்கிப்போயிருப்பேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். காதலும் கசப்பும் கலந்துதான் அந்த முடிவு வந்தது.

1913இல் ‘த வில்லேஜ் இன் த ஜங்கிள்’ வெளிவந்தது. சிலிந்து என்ற, வேட்டையாடியும் காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்தும் பிழைக்கும் குடியானவனும் அவனுடைய இரட்டைப் பெண்களும் காட்டோடும் கடனோடும் ஊர்த் தலைமைக்காரனோடும் போராடி அழியும் கதை. நீங்கள் இதைப் படித்திருப்பீர்கள். ஆனால் ஓர் இடத்தை மறுபடி படியுங்கள். தலைமைக்காரனுக்குச் சிலிந்துமேல் உள்ள பிடி எது? சேனை வெட்ட வேண்டிய அனுமதி. அந்த அனுமதியைக் கட்டுப்படுத்திய ஆட்சி யாருடையது? அம்பாந்தோட்டைக் கச்சேரியில் உட்கார்ந்திருந்தவர் யார்? நீதிமன்றக் காட்சியில் விசாரணை ஆங்கிலத்தில் நடக்கிறது. கூண்டில் நிற்பவனுக்குத் தன் வாழ்க்கையை முடிவுசெய்யும் பேச்சு விளங்கவில்லை. நீதிபதி நல்லவர், களைத்தவர், தீங்கு எண்ணாதவர். அந்த நாற்காலியில் இருந்த மனிதர் பின்னர் கூண்டுக்குள் இறங்கி நின்று எழுதிய நாவல் அது. அங்கே அவர் குதிரையைவிட்டு இறங்கிவிட்டார் என்று எனக்குத் தோன்றும். 1980ஆம் ஆண்டளவில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இதைச் சிங்களத்தில் ‘பெத்தேகம’ என்று படமாக்கினார்.

பேரரசைப் பற்றிய அவருடைய கட்டுரை நூல்களை விரைவாகப் பார்த்தால் போதும், ஒன்றைத் தவிர. 1920இல் வந்த ‘எம்பயர் அண்ட் கொமர்ஸ் இன் ஆஃப்ரிக்கா’. ஆப்பிரிக்காவைக் கூறுபோட்டதற்கு நாகரிகம் பரப்பும் ஆசையைக் காரணமாகச் சொன்னவர்களுக்கு எதிராக, அரசாங்க வெளியீடுகளையும் வர்த்தகப் புள்ளிவிவரங்களையும் அடுக்கி, இலாபமே உந்துசக்தி என்று காட்டுகிறார். கச்சேரியில் கற்ற கலை அது: வந்த தாளையெல்லாம் படி, பதிவேட்டோடு ஒப்பிடு, தொகையைக் கூட்டு. பேரரசின் கணக்குப்பிள்ளை பேரரசின் கணக்கையே பிரித்துக் காட்டினார். அதே நேரத்தில், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தன்னாட்சி கேட்ட அந்த மனிதர், ஆப்பிரிக்கர்களை இன்னும் சில காலம் சர்வதேசப் பொறுப்பாட்சியின் கீழ் வைக்கலாம் என்றே எழுதினார். ஆள்பவன் நல்லவனாக இருந்தால் ஆட்சியும் நல்லதாகலாம் என்ற பழைய நம்பிக்கை ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டேயிருந்தது. அதையும் எழுதுங்கள்.

புத்தகத்துக்கு வெளியே அவர் செய்தவற்றையும் கணக்கில் சேருங்கள். 1915 சிங்கள–முஸ்லிம் கலவரத்தை ஒட்டி இலங்கையில் இராணுவச் சட்டத்தின் கீழ் அப்பாவிகள் சுடப்பட்டபோது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையில் குரல் எழுப்பினார். விசாரணை கோரி லண்டன் சென்ற சிங்களத் தலைவர்கள் டி.பி. ஜயதிலகவுக்கும் ஈ.டபிள்யூ. பெரேராவுக்கும் அங்கே உறுதுணையாக நின்றவர் வூல்ஃப். தொழிற்கட்சியின் ஏகாதிபத்திய விவகார ஆலோசனைக் குழுவுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செயலாளராக இருந்தார். வேர்ஜீனியாவோடு நடத்திய ஹோகார்த் பதிப்பகம் 1933இல் டிரினிடாட் எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸின் மேற்கிந்தியத் தன்னாட்சிப் பிரசுரத்தை வெளியிட்டது. 1938இல் இலங்கை அரசியலமைப்புத் திருத்தம் பற்றித் தொழிற்கட்சிக்கு எழுதிய குறிப்பில், சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு வேண்டும், பரந்த அதிகாரப் பரவலாக்கத்தையோ சுவிட்சர்லாந்து மாதிரியிலான கூட்டாட்சியையோ ஆராய வேண்டும் என்றார். பத்து ஆண்டு கழித்து வந்த சுதந்திரத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை. அதன்பின் நாம் பட்டதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் அப்பப்பாவின் கேள்விக்கு இப்போது வருகிறேன். அவர் கேட்டது சரியான கேள்வி, அவரோடு வாதாட வேண்டாம். ஆய்வு என்பது மாலை போடும் வேலையும் அல்ல, செருப்பு வீசும் வேலையும் அல்ல என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு அவர் பேசுவதை எழுதிக்கொள்ளுங்கள். கச்சேரிக்கு அலைந்தவர்கள், மனு எழுதிக் கொடுத்தவர்கள், துரையைக் கண்டு தெருவில் ஒதுங்கி நின்றவர்கள் பற்றி அவர் தம் தகப்பனிடமிருந்து கேட்டது ஏதாவது இருக்கும். வூல்ஃப் எழுதிய பல ஆயிரம் பக்கங்கள் நம்மிடம் இருக்கின்றன. எதிரே நின்றவரின் பக்கம் மிகக் குறைவு. அது வீட்டுப் பேச்சில் இருந்தால் அதுவும் சான்றுதான். யார் சொன்னார், யாரிடம் கேட்டது, எப்போது என்பதைக் குறித்துவைத்தால் போதும்.

மேற்பார்வையாளரிடம் மரியாதையாகவே பேசுங்கள். ‘முற்போக்காளர்’ என்ற சொல்லை நீங்கள் மறுக்கவில்லை, அது எந்த ஆண்டிலிருந்து பொருந்தும் என்று தேடப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். அதை மறுக்க அவருக்குக் காரணம் இருக்காது.

கடிதங்களில் உள்ள இழிசொற்களை எப்படி எடுத்தாள்வது என்றும் தயங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். தேவையான இடத்தில் அப்படியே தாருங்கள், பூசி மெழுகாதீர்கள். ஆனால் அதிர்ச்சிக்காக அடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தேதியும் அந்த வாரம் அவர் கச்சேரியில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் பக்கத்தில் இருக்கட்டும். படிக்கும்போது கோபம் வந்தால், அந்தக் கோபத்தைத் தனி நோட்டில் எழுதிவையுங்கள். நானும் வைத்திருந்தேன். பல ஆண்டு கழித்துப் படித்தபோது பாதிக் கோபம் சரியாகவும் பாதி அவசரமாகவும் இருந்தது.

வேலையை எங்கே தொடங்குவது? கடிதத் தொகுப்பு 1989இல் அச்சில் வந்தது. விக்டோரியா கிளெண்டினிங் எழுதிய வாழ்க்கை வரலாறு 2006இல் வந்தது. இரண்டும் நூலகத்தில் கிடைத்தால் வசதி. அவருடைய சொந்தத் தாள்கள் இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அங்கே போக முடியாவிட்டாலும் பட்டியலைப் பார்த்து எழுதிக் கேட்கலாம். அதற்கு முன் கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். வடமாகாணக் கச்சேரியின் 1905 முதல் 1907 வரையான நாட்குறிப்புகளையும் கடிதப் போக்குவரத்தையும் கேளுங்கள். பென்சில் மட்டும் கொண்டுபோங்கள், பேனாவை உள்ளே விடமாட்டார்கள். தூசுக்கு ஒரு கைக்குட்டை வேண்டும். பூச்சி அரித்த தாளைப் புரட்டும்போது மேல் மூலையைப் பிடிக்காமல் உள்ளங்கையால் தாங்கிப் புரட்டுங்கள்.

நீங்கள் தேட வேண்டியது துரையின் கையெழுத்து உள்ள தாளை மட்டுமல்ல. அந்த வழக்கறிஞரின் முறைப்பாட்டைத் தேடுங்கள். அதைத் தொட்டு மேலும் கீழும் போன கடிதங்களைத் தேடுங்கள். கிடைத்தால், அவர் தமக்கு நடந்ததைத் தம் சொற்களில் எப்படிச் சொன்னார் என்பதை ஒரு சொல்லும் விடாமல் பெயர்த்தெழுதிக்கொண்டு, எனக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆவணக் காப்பாளர்